ரசீதோடு முடிந்துவிடுமா ஜகாத்?



ரமளான் பிறை தென்பட்டவுடன் நம் சமுதாயத்தில் இரண்டு கணக்குகள் தொடங்குகின்றன. கையிலிருக்கும் பொருளில் நாற்பதில் ஒரு பங்கு எவ்வளவு என்று வசதியுள்ள வீடுகளில் ஒரு கணக்கு. சென்ற ஆண்டு கொடுத்தவர்களில் எத்தனை பேர் இவ்வாண்டும் கொடுப்பார்கள் என்று மத்ரஸாக்களிலும் அநாதை இல்லங்களிலும் பைத்துல்மால்களிலும் இன்னொரு கணக்கு. முதற்கணக்கைப் பற்றி ஆலிம்கள் ஆண்டுதோறும் பயான் செய்கின்றனர். வெள்ளியின் நிஸாப் எவ்வளவு, மனைவியின் நகைக்கு யார் பொறுப்பு, கடனாகக் கொடுத்த தொகைக்கு ஜகாத் உண்டா என்றெல்லாம் விரிவான விளக்கங்கள் கிடைக்கின்றன. இரண்டாவது கணக்கோ நிர்வாகக் குழுவின் அறைக்குள்ளேயே பேசி முடிக்கப்படுகிறது. அதை அறைக்கு வெளியே கொண்டுவர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒருவர் ஓர் அற நிறுவனத்திற்கு ஏன் மீண்டும் மீண்டும் கொடுக்கிறார்? இந்தக் கேள்விக்கு வசூல் பற்றிய கூட்டங்களில் இரண்டு பதில்களே கேட்டிருக்கிறேன். உள்ளங்களைத் திருப்புபவன் அல்லாஹ், நம் கையில் என்ன இருக்கிறது என்பது ஒன்று. படம் உருக்கமாக இருக்க வேண்டும், கண்ணீர் வந்தால்தான் கை பைக்குள் போகும் என்பது மற்றொன்று. முதற்பதிலில் உள்ள ஈமானை மறுக்க யாரால் இயலும்? ஆயினும் அது பெரும்பாலும் வேலை செய்யாதவர்களின் வாயிலிருந்தே வருகிறது. ஜகாத் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தை அல்லாஹ் போட்டான் என்றால், நூறு கதவுகளில் ஒரு கதவைத் தேர்ந்தெடுத்துத் தட்டுவது மனிதன் தன் அறிவைக்கொண்டு செய்யும் காரியம். அதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை ஆராய்வது தவக்குலுக்கு எதிரானதன்று.

உண்மையான காரணங்களைச் சற்று வெளிப்படையாகவே சொல்லிப் பார்ப்போம். அந்த நிறுவனத்தின் செயலாளர் மைத்துனர் முறை. வசூலுக்கு வரும் ஹஜ்ரத் தமக்கு அலிஃப், பா கற்பித்தவர். வாப்பா கொடுத்துவந்த இடம். கைப்பேசியில் அவர்களுடைய எண் ஏற்கெனவே பதிவாகி இருக்கிறது. இருபத்தேழாம் இரவு வந்துவிட்டது, எங்காவது கொடுத்துக் கடமையை முடித்தாக வேண்டும். நம்மில் பெரும்பாலோர் ஒரே இடத்துக்குத் தொடர்ந்து கொடுப்பதன் காரணம் இவற்றில் ஏதேனும் ஒன்றாகத்தான் இருக்கும். இவை பாவமல்ல. உறவுக்கும் உஸ்தாதுக்கும் மரியாதை செய்வது நல்லதே. எனினும் இவற்றுக்கு நம்பிக்கை என்று பெயர் சூட்டக் கூடாது. இது பழக்கம். வாப்பா மவுத்தான பின் மகனின் ஜகாத் வேறு பக்கம் போய்விடுகிறது, ஹஜ்ரத் ஓய்வுபெற்றதும் அவர் சென்றுவந்த தெருவின் ரசீதுகள் பாதியாகிவிடுகின்றன என்று நிர்வாகிகள் புலம்புவது இதனால்தான். பழக்கத்தை நம்பிக்கை என்று எண்ணி அதன்மேல் அவர்கள் வரவு செலவு போட்டிருந்தனர்.

இது நம் சமுதாயத்துக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவில் அற நிறுவனங்களின் நன்கொடையாளர்களை ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிடுகின்றனர். ஓராண்டு கொடுத்தவர்களில் பாதிப்பேர்கூட மறு ஆண்டு அதே நிறுவனத்துக்குக் கொடுப்பதில்லை என்பதே அங்கும் நிலை. முதன்முறை கொடுத்தவர்கள் திரும்பி வருவது இன்னும் குறைவு. ஆக, ஒருமுறை கொடுக்கச் செய்வது ஒரு வித்தை, தொடர்ந்து கொடுக்கச் செய்வது முற்றிலும் வேறு. நம்மவர்கள் முதல் வித்தையை மட்டும் கற்றுக்கொண்டு அதையே ஆண்டுதோறும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அந்த முதல் வித்தைதான் படம். அதற்கு வலிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. பால் ஸ்லோவிக் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இத்துறையில் மிகப் பெயர்பெற்றது. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் படத்தையும் கதையையும் ஒரு சாராருக்குக் காட்டினார்கள். பட்டினியால் வாடும் இலட்சக்கணக்கானோரின் புள்ளிவிவரங்களை மற்றொரு சாராருக்குக் காட்டினார்கள். சிறுமியைக் கண்டவர்களே அதிகம் கொடுத்தனர். இரண்டையும் சேர்த்துக் காட்டியபோதோ, படத்தை மட்டும் கண்டவர்களைவிடக் குறைவாகவே கொடுத்தனர். வெறும் எண்கள் உள்ளத்தை அசைப்பதில்லை, ஒரு முகம் அசைக்கிறது. மனித இயல்பு அப்படி. இதை அறிந்துகொண்ட நிறுவனங்கள் முகங்களைத் தேடித் திரிகின்றன.

அந்த முகத்துக்குரியவரின் கதி என்ன என்பதுதான் என் கேள்வி.

எங்கள் மத்ரஸாவில் ஓதும் ஒரு பிள்ளையின் தாய் விதவை. தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்க்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் அவருக்குத் தையல் இயந்திரம் கொடுத்தது. கொடுக்கும்போது பின்னால் ஒரு பேனர், பக்கத்தில் நால்வர், கையில் மாலையில்லாத குறைதான். அந்தப் படம் ஊர் வாட்ஸ்அப் குழுக்கள் அனைத்திலும் வந்தது. மறு ஆண்டு அவருடைய மகள் பத்தாம் வகுப்பு முடித்தபோது, மேல்படிப்புக்கு உதவி கேட்டு எழுதுங்கள் என்று நான் சொன்னேன். அந்த அம்மையார் சொன்ன பதில் இது: “வேண்டாம் ஹஜ்ரத். பிள்ளைக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கணும்.” அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல் பேசவில்லை. அந்தப் பெண்பிள்ளை இப்போது ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். கொடுத்தவர் நிறுவனம் நல்லது செய்தது என்றே எண்ணியிருப்பார். அவருக்கும் படம் போயிருக்கும், அவரும் மகிழ்ந்து மறு ஆண்டும் கொடுத்திருப்பார். அவர் கொடுத்ததன் விலையை யார் செலுத்தினார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

திருக்குர்ஆன் ‘அல்பகரா’ அத்தியாயத்தில், கேட்காமல் மானத்தோடு ஒதுங்கியிருப்பதால் அறியாதவர் செல்வர் என்று எண்ணும்படி வாழும் ஏழைகளைப் பற்றிப் பேசுகிறது. அதே அத்தியாயத்தில் சற்று முன்னதாக, சொல்லிக்காட்டுவதாலும் மனம் நோகச் செய்வதாலும் தர்மத்தைப் பாழாக்கிவிட வேண்டாம் என்று எச்சரிக்கிறது. இவ்விரு வசனங்களையும் ஓதாத ஆலிம் இல்லை. ஆனால் அந்த மானமுள்ள ஏழை நம் நிறுவனங்களின் கணக்கில் வருவதே இல்லை. ஏனெனில் அவர் படம் எடுக்க உடன்படமாட்டார். படம் இல்லாதவருக்குக் கொடுத்தால் அடுத்த ஆண்டு வசூலுக்கு எதைக் காட்டுவது? இப்படியாக, உருக்கத்தை நம்பி நடக்கும் நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் புதுப்புது உருக்கம் தேவைப்படுகிறது. ஏழை எழுந்து நின்றுவிட்டால் அவருக்கு நல்லது, விளம்பரத்துக்கு நட்டம். நன்கொடையாளர் வருகை என்ற பெயரில் சிறுபிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி துஆ ஓதச் செய்யும் மத்ரஸாக்களும் இந்தக் குற்றத்தில் பங்குதாரர்களே. மத்ரஸா உஸ்தாதாக இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

சரி, படம் இல்லாவிட்டால் மக்கள் எப்படித் தொடர்ந்து கொடுப்பார்கள்? கொடுத்தார்கள், பல தலைமுறைகள் கொடுத்தார்கள். நம் பாட்டிமார்களின் பிடியரிசியை நினைத்துப் பாருங்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். வாரம் ஒருநாள் மத்ரஸாவிலிருந்து வந்து வாங்கிச் செல்வார்கள். பல ஊர்களில் ஓதும் பிள்ளைகளுக்கு வீடுகளிலிருந்து முறைவைத்துச் சோறு போனது. அந்தப் பெண்களுக்கு யாரும் உருக்கமான படம் காட்டவில்லை, ரசீதுகூடக் கொடுக்கவில்லை. பிறகு ஏன் ஆயுள் முழுவதும் கொடுத்தார்கள்? அந்தச் சோற்றை உண்ட பிள்ளை அவர்களுடைய தெரு வழியாகத்தான் நடந்து போனான். அவன் ஓதும் சத்தம் ஜன்னல் வழியே கேட்டது. ஏழாண்டு கழித்து ஸனது பெற்று வந்து தராவீஹ் தொழவைத்தான். அரிசி எங்கே போனது என்பது அவர்கள் கண்ணெதிரே இருந்தது. மத்ரஸாவில் ஏதேனும் தவறு நடந்தால் அதுவும் அன்று மாலைக்குள் அடுப்படி வரை வந்துவிடும்.

தொடர்ந்து கொடுப்பதன் இரகசியம் இதுவே என்பது என் முடிவு. கொடுத்தது என்ன ஆயிற்று என்று தெரிந்தவர் மீண்டும் கொடுக்கிறார். தெரியாதவர், பழக்கம் அறும் வரை கொடுக்கிறார்.

இன்று கொடுப்பவர் துபாயில் தேராவிலோ சிங்கப்பூரிலோ சென்னை மண்ணடியிலோ இருக்கிறார். பெறுபவர் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் இருக்கிறார். இடையில் ஜன்னல் இல்லை. பார்வை போன இடத்தில் கணக்கு வந்திருக்க வேண்டும். வந்ததோ பேனரும் க்யூஆர் அட்டையும். தொலைவிலிருந்து வாங்கத் தெரிந்துகொண்ட நாம், தொலைவுக்குப் பதில் சொல்லத் தெரிந்துகொள்ளவில்லை.

தெரிந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் 1968 முதல் இயங்கிவரும் இஸ்லாமிய சமய மன்றம், அதாவது முயிஸ், அந்நாட்டு முஸ்லிம்களின் ஜகாத்தைத் திரட்டுகிறது. எவ்வளவு வந்தது, ஏழைகளுக்கு எவ்வளவு, மத்ரஸாக்களுக்கு எவ்வளவு என்று ஆண்டறிக்கையில் வகை பிரித்து வெளியிடுகிறது. அங்கே வாழும் நம் தமிழ் முஸ்லிம்கள் இதை நன்கு அறிவர். அது அரசுச் சட்டத்தின் துணையுள்ள மன்றம், நம்முடைய சிறு அறக்கட்டளைகளோடு ஒப்பிடலாகாது என்று சிலர் சொல்வர். பணத்தின் அளவில் ஒப்பிட வேண்டாம். ஆனால் வந்ததையும் போனதையும் ஒரு தாளில் எழுதிவைக்கப் பெரிய மன்றம் தேவையில்லை. அங்கே அந்த அறிக்கையைப் படிக்கும் அதே மனிதர், ஊர் மத்ரஸாவுக்கு அனுப்பும் பணத்துக்கு ஒரு வரிகூடக் கேட்பதில்லை. கேட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

என்ன நடக்கும்? ‘ஹுஸ்னுல் ளன்’ பற்றி ஒரு பயான் நடக்கும். முஃமினைப் பற்றி நல்லெண்ணம் கொள்ள வேண்டும், ஆலிம்களைச் சந்தேகிப்பது ஆபத்து, அல்லாஹ்வுக்காகக் கொடுத்தவர் அடியானிடம் கணக்குக் கேட்கலாமா என்பார்கள். மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும் இந்த வாதத்துக்கு மார்க்கத்திலிருந்தே பதில் சொல்ல வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் ரமளானின் கடைசிப் பத்தில் பள்ளியில் இஃதிகாஃப் இருந்தபோது, காண வந்த மனைவி ஸஃபிய்யா (ரலி) அவர்களை வழியனுப்ப இரவில் எழுந்து சென்றார்கள். அவ்வழியே அன்சாரிகள் இருவர் வந்தனர். நபியவர்களைக் கண்டதும் விரைந்து நடந்தனர். நபியவர்கள் அவர்களை நிறுத்தி, உடனிருப்பவர் தம் மனைவி ஸஃபிய்யாதான் என்று தாமாகவே தெரிவித்தார்கள். அவர்கள் பதறிப்போய், உங்களைப் பற்றியா நாங்கள் எண்ணுவோம் என்ற பொருளில் சொன்னபோதும், ஷைத்தான் உள்ளத்தில் ஏதேனும் போட்டுவிடுவான் என்று அஞ்சியதாக விளக்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. யாரும் கேட்கவில்லை. சந்தேகப்படத் தகாத மனிதர்களில் முதலாமவர் அவர்கள். ஆயினும் தாமே முன்வந்து தெளிவுபடுத்தினார்கள். நல்லெண்ணம் கொள்வது பார்ப்பவரின் கடமை என்றால், சந்தேகத்துக்கு இடம் வைக்காதிருப்பது பொறுப்பில் இருப்பவரின் கடமை. நம் நிர்வாகிகள் முதற்பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

ஜகாத் பொருளையே நேரடியாகத் தொடும் செய்தியும் உண்டு. பனூ சுலைம் கூட்டத்தாரிடம் ஜகாத் திரட்ட நபியவர்கள் இப்னுல் லுத்பிய்யா என்பவரை அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது அவரிடம் கணக்குப் பார்க்கப்பட்டது. இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று அவர் பிரித்துச் சொன்னார். நபியவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் பெற்றோரின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்கும் கருத்தில் மக்களிடையே பேசினார்கள். கவனியுங்கள். அவர் ஒளிக்கவில்லை, உண்மையைத்தான் சொன்னார். அனுப்பியவர் அல்லாஹ்வின் தூதர். அப்படியிருந்தும் கணக்குப் பார்த்தலும் நடந்தது, மிம்பரில் பகிரங்கமாகப் பேசவும் பட்டது. இன்று மிம்பரில் வசூல் அறிவிப்பு வருகிறது. கணக்கு அறிவிப்பு வருவதை எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்?

உமர் (ரலி) அவர்களின் ஆடையைப் பற்றி ஒருவர் சபையில் எழுந்து, எல்லோருக்கும் ஒரு துண்டு துணிதானே பங்கு, உமக்கு மட்டும் எப்படி முழு ஆடை என்று கேட்டதும், மகன் அப்துல்லாஹ் (ரலி) எழுந்து என் பங்கை வாப்பாவுக்குக் கொடுத்தேன் என்று சாட்சி சொன்னதும் நம் பயான்களில் திரும்பத் திரும்ப வரும் நிகழ்ச்சி. கலீஃபாவைக் கேள்வி கேட்ட அந்த மனிதரைப் புகழ்ந்து தக்பீர் முழங்குவோம். அதே மனிதர் எழுந்து நம் ஜமாஅத் கூட்டத்தில் கேட்டால் அவரைக் குழப்பவாதி என்போம்.

இன்னொரு வாதம் நன்கொடையாளர் பக்கமிருந்தே வருகிறது. இதுதான் கடினமானது. என் நிய்யத்து சரியாக இருந்தது, நான் கொடுத்துவிட்டேன், அவர்கள் என்ன செய்தாலும் அவர்கள் பாடு என்பார்கள். இதற்கு ஆதாரமாக, இரவில் இரகசியமாகத் தர்மம் கொடுக்கச் சென்று, அறியாமல் முதலில் ஒரு திருடனிடமும், பிறகு ஒழுக்கம் தவறிய பெண்ணிடமும், பிறகு ஒரு செல்வரிடமும் கொடுத்துவிட்ட மனிதரின் ஹதீஸை எடுத்துக் காட்டுவர். அவருடைய தர்மம் ஏற்கப்பட்டது என்பது உண்மையே. ஆனால் அந்த ஹதீஸை முழுவதும் படியுங்கள். கொடுக்கும்போது அவருக்கு யார் என்று தெரியாது. காலையில் மக்கள் பேசிக்கொண்டபோது அவர் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு மீண்டும் வேறொரு நபரைத் தேடிச் சென்றார். அறிந்தபின் அதே திருடனிடம் மறு இரவும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. பத்தாண்டுகளாக ஒரே இடத்தில் கேட்காமல் கொடுத்துவருபவருக்கு இந்த ஹதீஸில் ஆறுதல் தேடும் உரிமை எங்கிருந்து வருகிறது? தெரியாமற்போவது வேறு, தெரிந்துகொள்ள மறுப்பது வேறு. ஜகாத் யாருக்கு என்பதை ‘அத்தவ்பா’ அத்தியாயத்தில் அல்லாஹ் எட்டு வகையாகத் தானே வகுத்துவைத்தான். கொடுத்தால் போதும், எவரிடம் போனாலும் சரி என்றால் அந்த வகுப்பு எதற்கு?

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கும். வசூலுக்குச் செல்பவருக்கு வசூலான தொகையில் சதவீதம் பேசிக் கமிஷன் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. கூலி எவ்வளவு என்றே தெரியாத இந்த ஒப்பந்தம் கூடாது என்று நம் நாட்டு முஃப்திகள் பலர் தீர்ப்பளித்துள்ளனர். எனினும் நடக்கிறது. வீடு வீடாக ஏறி இறங்கும் அந்த ஏழை உஸ்தாதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு மாதச் சம்பளம் ஒழுங்காகக் கொடுத்தால் அவர் ஏன் கமிஷனுக்குப் போகிறார்? நோன்பு வைத்துக்கொண்டு வெயிலில் அலைபவரை விட்டுவிட்டு, அந்த ஒப்பந்தத்தைப் போட்டவர்களைக் கேளுங்கள். கொடுப்பவருக்கு அது சொல்லப்படுகிறதா? நூறு ரூபாயில் எவ்வளவு வழியிலேயே கழிகிறது என்று எந்த ரசீதில் அச்சிட்டிருக்கிறது?

தம்லீக் விஷயமும் அவ்வாறே. ஜகாத் பணத்தை ஏழைக்கு உடைமையாக்க வேண்டும் என்ற சட்டத்தை நிறைவேற்ற, ஓர் ஏழை மாணவரிடம் பணத்தைக் கொடுத்து, அவரே மத்ரஸாவுக்கு அன்பளிப்பாகத் திருப்பிக் கொடுத்ததாக எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு அதைச் சம்பளத்துக்கும் கட்டடத்துக்கும் செலவிடும் உபாயம் மத்ரஸா உலகில் எல்லோரும் அறிந்தது. தவிர்க்க இயலாத நெருக்கடியில் எந்த அளவு ஆகும் என்பதைப் பற்றி ஃபிக்ஹ் அறிஞர்கள் பேசட்டும். நான் அதற்குள் போகவில்லை. கொடுத்தவருக்கு அது தெரியுமா என்று மட்டுமே கேட்கிறேன். ஏழைப் பிள்ளையின் சோற்றுக்கு என்று நினைத்துக் கொடுத்தவரின் பணம் சுற்றுச்சுவராக நிற்கிறது. சுவர் தேவையானதாகவே இருக்கலாம். தேவை என்றால் லில்லாஹ் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கொடுக்கும் சமுதாயம்தான் இது. 1951-இல் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை புதுக் கல்லூரியும் எழுந்தது நம் செல்வர்களின் கொடையால்தானே. என்ன கட்டப்போகிறோம் என்று சொல்லிக் கேட்டால் கல்லூரிக்கே கொடுத்தவர்கள், சுவருக்குக் கொடுக்கமாட்டார்களா?

அரசாங்கம் கேட்டால் மட்டும் நம்மிடம் எல்லாக் கணக்கும் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டபோது நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. பதிவுள்ள நிறுவனங்கள் எல்லாம் விழுந்தடித்துக்கொண்டு ஆடிட்டரிடம் ஓடின. வருமான வரிச் சலுகைக்கு 80ஜி சான்றிதழ் உள்ள இடங்களில், 2000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்துக்குச் சலுகை இல்லை என்பதால் காசோலையும் வங்கிப் பரிமாற்றமும் ஒழுங்காக நடக்கின்றன. தில்லிக்கு அனுப்பத் தயாராக உள்ள அந்தக் கணக்கைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்ட ஏன் கை வருவதில்லை? அதிகாரியின் கேள்விக்குப் பயம். அல்லாஹ்வின் அடியான் கேட்டால் கோபம். அந்த அடியானின் பணம்தானே இது?

ஊழியர் இல்லை, கணினி இல்லை, எங்களைப் போன்ற சிறிய மத்ரஸாவுக்கு இதெல்லாம் முடியுமா என்று சக உஸ்தாதுகள் என்னிடம் கேட்டதுண்டு. பெரிய நிறுவனத்தைவிடச் சிறிய இடத்துக்கே இது எளிது. எங்கள் பகுதியில் முப்பது பிள்ளைகள் மட்டுமே ஓதும் ஒரு மத்ரஸா உண்டு. அதன் உஸ்தாத் ஆண்டுதோறும் முஹர்ரம் மாதத்தில் கொடுத்தவர்களுக்கெல்லாம் ஒரு பக்கக் கடிதம் அனுப்புகிறார். இவ்வளவு ஜகாத் வந்தது, இவ்வளவு ஸதகா வந்தது, அரிசி, எரிவாயு, மருந்து, சம்பளம் இன்ன இன்ன அளவு, கையிருப்பு இவ்வளவு. இத்தனை பிள்ளைகள் குர்ஆனை முடித்தனர், இருவர் இடையில் நின்றுவிட்டனர், அவர்களைத் திரும்பக் கொண்டுவர இயலவில்லை. அந்தக் கடைசி வரியைப் படித்தவர் அவரை ஏன் நம்பாமலிருப்பார்? பிள்ளையின் பெயர் இல்லை, படம் இல்லை. வளைகுடாவில் வேலையை இழந்து ஊர் திரும்பியவர்கள்கூட, தொகையைக் குறைத்துக்கொண்டேனும் அவருக்கு நிறுத்தாமல் கொடுத்துவருகின்றனர். குறைவாக இருந்தாலும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று நபியவர்கள் சொன்னதைக் கொடுப்பவருக்கு மட்டும் உரியதாக ஏன் கொள்கிறோம்? நிலையாகக் கணக்குக் காட்டுவதும் ஓர் அமல்தான்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பல வீடுகளில் ஜகாத் உங்கள் நகையின்மேல் கணக்கிடப்படுகிறது. மத்ஹபுக்கு ஏற்ப சட்டம் வேறுபடலாம். கொடுக்கும் இடத்தை மட்டும் வீட்டு ஆண்கள் முடிவு செய்கிறார்கள். ரசீது அவர்கள் பெயரில் வருகிறது, பிறகு அது எங்கே போகிறது என்றும் தெரியாது. உங்கள் பொருளின் ஜகாத் எந்தக் கதவுக்குப் போகிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தெருவில் யார் வீட்டில் உண்மையாகவே அடுப்பு எரியவில்லை என்பது ஆண்களைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

ரமளானுக்கு முன்னதாக, ஷஅபான் மாதத்திலேயே நிர்வாகிகள் ஒரே ஒரு தாளை ஒட்டட்டும். ஜகாத்தும் ஃபித்ராவும் ஸதகாவும் தனித்தனி வரிகளில், வந்தது, போனது, வசூலுக்கே செலவானது, மீதமிருப்பது. வாங்கியவர்களின் எண்ணிக்கை போதும், பெயர்கள் வேண்டாம். கொடுப்பவர்களோ, வசூலுக்கு வருபவரை உட்காரவைத்து, நோன்பு துறக்கும் நேரமாயின் கஞ்சியும் கொடுத்து, ஒரே கேள்வி கேளுங்கள்: சென்ற ஆண்டு வந்த ஜகாத்தில் இன்று எவ்வளவு மீதமிருக்கிறது? நோட்டைத் திறந்து காட்டுபவருக்கு மனமாரக் கொடுங்கள். நிர்வாகத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்பவரிடமும் கடுமை வேண்டாம். அவர் கேட்டுவரட்டும், எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஜகாத் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று வீடு தள்ளி, படம் எடுக்க உடன்படாத ஒருவர் இருப்பார். அவருக்கு இரவில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.